பதவியில் இருப்பவரின் பெருவெற்றி

இலங்கையில் 2010 ஜனவரி 26 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச பெற்ற வாக்குகள் 60,15,934. எதிர்த்து நின்ற சரத் பொன்சேகாவுக்கு 41,73,185. வித்தியாசம் பதினெட்டு லட்சத்துக்கும் மேல். ஐந்தாண்டு கழித்து, 2015 ஜனவரி 8 அன்று, அதே மகிந்த மறுபடியும் நின்றார். இந்த முறை 57,68,090 வாக்குகள். முன்பு வாங்கியதைவிட இரண்டரை லட்சம்தான் குறைவு. ஆனாலும் தோற்றார். மைத்திரிபால சிறிசேன 62,17,162 வாக்குகளுடன் நாலரை லட்சம் வித்தியாசத்தில் ஜனாதிபதி ஆனார்.

பதவியில் இருக்கும் ஒருவர் மறுபடியும் நின்று பெரிய வித்தியாசத்தில் வெல்ல முடியுமா என்ற கேள்வியை ஆராய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு லட்சம் என்ற எண் மகிந்தவின் செல்வாக்கை மட்டும் காட்டவில்லை என்பது ஐந்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு வாக்களித்தோரின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்க, எதிர்ப்பக்கம் மட்டும் இருபது லட்சம் கூடியது. பெரிய வித்தியாசம் என்பதில் பாதி ஆள்பவர் சம்பாதித்தது. மறுபாதி எதிரே நின்றவர்கள் சிதறிக் கிடந்ததாலும், ஒரு பகுதி மக்கள் வாக்குச்சாவடிக்கே வராமல் போனதாலும், அல்லது வர முடியாமல் போனதாலும் கிடைப்பது. இந்த மறுபாதியைக் கணக்கில் எடுக்காமல் சொல்லப்படும் தேர்தல் ஆரூடம் எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லிப் பக்கம் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர், தெடாவூர், செந்தாரப்பட்டி ஆகியவை பேரூராட்சிகள். 2022 பிப்ரவரித் தேர்தலில் அங்கே மக்கள் வார்டு உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் அப்படி இல்லை. பிரசிடெண்டுக்கு ஓட்டு நேரடி. முதலமைச்சரையோ பிரதமரையோ நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை; நாட்டை, மாநிலத்தை, ஊரை நிர்வகிக்கும் பதவிகளில் கிராமத்து வாக்காளர் தன் கையால் ஆளைப் பார்த்து முத்திரை குத்துவது ஊராட்சித் தலைவர் பதவி ஒன்றுக்குத்தான். ஜனாதிபதி ஆட்சிமுறை உள்ள நாடுகளின் தேர்தல் எப்படி நடக்கும் என்பதை ஒரு கிராமத்தின் அளவில் நாம் பல முறை பார்த்தவர்கள்.

பதவியில் இருப்பவருக்கு என்னென்ன வசதி என்று கேட்டால் எல்லோரும் பணத்தையும் அதிகாரிகளையும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிட மதிப்புள்ள ஒரு வசதி இலங்கை ஜனாதிபதிகளிடம் இருந்தது: நாள் குறிக்கும் அதிகாரம். 1982இல் ஜே. ஆர். ஜெயவர்தன கொண்டுவந்த மூன்றாம் திருத்தத்தின்படி, ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தில் நான்காண்டு முடிந்தாலே ஜனாதிபதி தேர்தலுக்கு உத்தரவிட முடிந்தது. பதவியில் இருந்தபடி மறுபடியும் நின்ற ஒவ்வொருவரும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜெயவர்தன 1982 அக்டோபரில், சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1999 டிசம்பரில், மகிந்த 2010இலும் 2015இலும். காற்று தன் பக்கம் வீசுகிறது என்று நம்பிய நாளில் தேர்தலை வைத்தார்கள். இந்த வசதி இருந்தும் நான்கில் ஒன்று தோல்வி. மீதி மூன்றில் பெரிய வித்தியாசம் என்று சொல்லத்தக்கவை இரண்டு.

அந்த இரண்டில் முதலாவது 1982. ஜெயவர்தனவுக்கு 52.91 விழுக்காடு, சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 39.07. கிட்டத்தட்ட பதினான்கு புள்ளி இடைவெளி. ஆனால் அந்தக் கட்சியின் உண்மையான தலைவர் கொப்பேகடுவ அல்ல, சிறிமாவோ பண்டாரநாயக்க. 1980 அக்டோபரில் நாடாளுமன்றம் அவருடைய குடியியல் உரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்துவிட்டது. அவரால் நிற்கவே முடியவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் குமார் பொன்னம்பலம். எதிரணியின் முதன்மைத் தலைவரைக் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பெற்ற பதினான்கு புள்ளியை ஜெயவர்தன மக்களின் முழு ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். இரண்டே மாதத்தில், 1982 டிசம்பர் 22 அன்று, நாடாளுமன்றத் தேர்தலை வைக்காமல் 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் ஆயுளையே ஆறாண்டு நீட்டிக்கும் பொதுவாக்கெடுப்பை நடத்தினார். 54.66 விழுக்காடு ஆம் என்றது. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக இல்லை என்றது. தமிழ்ப் பகுதியின் அந்த மறுப்பு சொல்லவந்ததை எடுத்துப் பேச வேண்டிய சபை புதுப்பிக்கப்படவே இல்லை. அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், தமிழர்கள் மீதான இனவன்முறை வெடித்தது. அந்தக் கொடுமைக்கு இந்தத் தேர்தல் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரிய வித்தியாசம் ஆட்சியாளரின் காதை எப்படி அடைத்துவிடுகிறது என்பதற்கு இது சான்று என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சந்திரிகாவின் கதை வேறு விதம். 1994இல் பிரதமராக இருந்தபடி ஜனாதிபதித் தேர்தலில் நின்று 62.28 விழுக்காடு வாங்கியவர் அவர். சமாதானம் வரும் என்ற நம்பிக்கை அந்த வாக்குகளில் இருந்தது, தமிழர்களின் நம்பிக்கையும் சேர்த்து. 1999 டிசம்பர் 18 அன்று கொழும்பு நகர மண்டபத்துக்கு அருகே தேர்தல் கூட்டத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அவர் வலக்கண் பார்வையை இழந்தார். மூன்றாம் நாள் வாக்குப்பதிவு. அனுதாபம் கூட அவரை 51.12க்கு மேல் தூக்கவில்லை. ரணில் விக்ரமசிங்க 42.71. ஐந்தாண்டு ஆட்சி பதினோரு புள்ளியைத் தின்றிருந்தது. பெரும் நம்பிக்கையோடு முதல் முறை வென்றவருக்கு இரண்டாம் முறை அதே அளவு வெற்றி கிடைப்பது அரிது என்பதற்கு இதுதான் எளிய காரணம். முதல் முறை நம்பிக்கைக்கு ஓட்டு. இரண்டாம் முறை நடந்ததற்கு ஓட்டு.

இனி 2010க்கும் 2015க்கும் வருவோம், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் மையமே அங்கேதான் இருக்கிறது.

மகிந்த முதலில் பதவிக்கு வந்தது 2005இல், 50.29க்கு 48.43 என்ற மெல்லிய இடைவெளியில். அன்று புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்கு 1.21 விழுக்காடு. நாடு முழுதும் இருந்த வித்தியாசமோ இரண்டு லட்சத்துக்கும் குறைவு. வடக்கு வாக்களித்திருந்தால் ரணில் வென்றிருப்பார் என்று அன்றிலிருந்து பேசப்படுகிறது. அந்தக் கணக்கு நியாயமானது. 2010இல் போர் முடிந்து எட்டு மாதம். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த மக்களுக்கு வாக்காளர் அட்டையைவிட அவசரமான தேவைகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர் நாலில் ஒருவர் அளவுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள், அவர் தங்களுக்கு எதிரான போரை நடத்திய தளபதி என்பது தெரிந்தும். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஒரு சமூகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

தெற்கில் மகிந்தவின் வெற்றி போர் வெற்றியின் வெற்றி. அதை மறுப்பது நேர்மையாகாது. சிங்கள கிராமங்களில் அவருக்கு இருந்த அன்பு உண்மையானது, 2015இல் தோற்றபோதும் குறையாமல் இருந்தது என்று அந்த 57 லட்சமே சொல்கிறது. ஆனால் பெரிய வித்தியாசம் அவருக்குச் சொன்ன செய்தி வேறாக இருந்தது. தேர்தல் முடிந்து இரண்டு வாரத்துக்குள் பொன்சேகா கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் பதினெட்டாம் திருத்தம் வந்து, இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக நிற்கக் கூடாது என்ற தடையை நீக்கியது. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சட்டம் திறந்துவிட்ட மனிதர், அதற்குப் பிறகு நின்ற முதல் தேர்தலிலேயே விழுந்தார்.

எப்படி விழுந்தார்? 2014 செப்டம்பரில் நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலில் அவருடைய கூட்டணியின் பங்கு முந்தைய 72 விழுக்காட்டிலிருந்து 51க்கு இறங்கியது. வென்ற தேர்தல்தான், ஆனால் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. இனிமேல் காத்திருந்தால் இன்னும் இறங்கும் என்ற கணக்கில், இரண்டாண்டு பாக்கியிருக்கும்போதே தேர்தலுக்கு உத்தரவிட்டார். அறிவிப்பு வந்த மறுநாள், 2014 நவம்பர் 21 அன்று, அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரும் சுகாதார அமைச்சருமான மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வெளியே வந்தார். ஐக்கிய தேசியக் கட்சி தன் ஆளை நிறுத்தாமல் அவர் பின்னால் நின்றது. அளுத்கம வன்முறையால் மனம் நொந்திருந்த முஸ்லிம்களின் கட்சிகள் வந்து சேர்ந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கடைசியில் ஆதரவை அறிவித்தது. நாட்டின் வாக்குப்பதிவு 74.5 விழுக்காட்டிலிருந்து 81.5க்கு உயர்ந்தது. யாழ்ப்பாணத்தில் கால்வாசியாக இருந்தது மூன்றில் இரண்டு பங்கானது. 2010இல் காணாமல் போயிருந்த வாக்குகள் திரும்பி வந்தன. மகிந்தவிடமிருந்து பெருவாரியாக யாரும் போய்விடவில்லை. அவருக்கு எதிரே கூட்டம் கூடிவிட்டது.

2024இல் ரணில் விக்ரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபடி நின்றபோது மூன்றாம் இடத்துக்குப் போனார், 17.27 விழுக்காட்டுடன். ஆனால் அவர் மக்கள் வாக்கில் அந்தப் பதவிக்கு வந்தவரே அல்ல. 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் 134 வாக்கு வாங்கி வந்தவர். அவரைப் பதவியின் பலத்தோடு நின்றவர் என்று எண்ணுவதா என்பதே கேள்வி. அந்தத் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாமல், இலங்கை வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வென்றார்.

இனி இலங்கைக்கு வெளியே பார்ப்போம். இந்தியக் குடியரசுத் தலைவர் பதவியில் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவரே. 1957இல் அவருக்கு 4,59,698 வாக்கு மதிப்பு. அடுத்து வந்த சவுத்ரி ஹரி ராமுக்கு 2,672. இதைவிடப் பெரிய வித்தியாசத்தை எங்கே தேடுவது? ஆனால் 1952இல் கே. டி. ஷா என்ற மதிப்புமிக்க பொருளாதார அறிஞர் எதிர்த்து நின்று 92,827 வாங்கியிருந்தார். 1957இல் எந்தப் பெரிய கட்சியும் ஆள் நிறுத்தவில்லை. எதிரே நின்றவர் போனதும் வித்தியாசம் வானத்துக்கு ஏறியது. ராஜேந்திர பிரசாத்தின் மதிப்பு ஐந்தாண்டில் அத்தனை மடங்கு கூடிவிடவில்லை. சிங்கப்பூரில் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த எஸ். ஆர். நாதன் 1999இலும் 2005இலும் ஜனாதிபதியானது போட்டியே இல்லாமல். நல்ல மனிதர், நீண்ட பொதுவாழ்வு. ஆனால் இரண்டு முறையும் ஒரு வாக்குச்சீட்டு கூட அச்சாகவில்லை. வித்தியாசம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

அமெரிக்காவைத் தனியே நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1936இல் ரூஸ்வெல்ட், 1964இல் ஜான்சன், 1972இல் நிக்சன், 1984இல் ரீகன் என்று பதவியில் இருந்தவர்கள் நாட்டையே அள்ளிய தேர்தல்கள் அங்கே நடந்தன. நிக்சனும் ரீகனும் ஐம்பதில் 49 மாநிலங்களை வென்றார்கள். 1984க்குப் பிறகு அப்படியொன்று இல்லை. கிளின்டன், புஷ், ஒபாமா மூவரும் இரண்டாம் முறை வென்றார்கள். புஷ்ஷும் ஒபாமாவும் பாதியை ஓரிரு புள்ளி தாண்டியதோடு சரி, கிளின்டன் பாதியைக்கூடத் தொடவில்லை. கட்சிக் கோடுகள் இறுகிவிட்ட நாட்டில் எதிர்ப்பக்கத்து வாக்காளர் எவ்வளவு நல்ல ஆட்சிக்கும் கோடு தாண்டி வருவதில்லை. நிக்சன் 49 மாநிலம் வென்று இரண்டாண்டுக்குள் பதவி விலகியதையும், ஜான்சன் 61 விழுக்காடு வாங்கி நான்காண்டில் மறுபடி நிற்கவே மறுத்ததையும் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்றாலும், 1971 முதல் நாம் ஆளைப் பார்த்தே ஓட்டுப் போடுகிறோம். அந்த ஆண்டு கருணாநிதி சட்டமன்றத்தை ஓராண்டு முன்னதாகவே கலைத்து, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நின்று 184 இடங்களை வென்றார். காங்கிரஸ் இரண்டாக உடைந்திருந்தது. இந்திராவின் பாதி அவரோடு, காமராஜரின் பாதி எதிரே. காமராஜர் தரப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாக்கு விழுந்தும் கிடைத்த இடங்கள் 15. வாக்கில் பதின்மூன்று புள்ளியாக இருந்த இடைவெளி, சபையில் பன்னிரண்டு மடங்காகத் தெரிந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. திமுக மறுபடி ஆட்சிக்கு வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984இல் எம்.ஜி.ஆர் நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே வென்றார். இந்திராவின் படுகொலையால் எழுந்த அனுதாபமும் காங்கிரஸ் கூட்டணியும் சேர்ந்த வெற்றி அது. பிறகு 32 ஆண்டு எந்த ஆளுங்கட்சியும் தொடர்ந்து மறுபடி வரவில்லை. 2016இல் ஜெயலலிதா அந்த வழக்கத்தை உடைத்தார். ஆனால் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையே வாக்கில் இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு புள்ளி. மக்கள் நலக் கூட்டணியும் தேமுதிகவும் ஒரு பக்கம், பாமக தனியே இன்னொரு பக்கம் என்று எதிர்ப்பு வாக்கு சிதறியிருக்காவிட்டால் அந்த வழக்கம் உடைந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தத் தேர்தலில் கெங்கவல்லித் தனித்தொகுதியை அதிமுக வென்றது 2,262 வாக்கு வித்தியாசத்தில். 2021இல் மாநிலம் திமுக பக்கம் திரும்பியபோதும் இந்தத் தொகுதி அதிமுகவிடமே நின்றது. வித்தியாசம் 7,361 ஆகக் கூடவும் செய்தது. இடையில் 2019 மக்களவைத் தேர்தலில் கெங்கவல்லியும் சேர்ந்த கள்ளக்குறிச்சித் தொகுதி திமுகவுக்குக் கொடுத்த வித்தியாசம் ஏறத்தாழ நான்கு லட்சம். அந்த நான்கு லட்சத்தைப் பார்த்து 2021ஐக் கணித்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்; அதே ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கை இரண்டே ஆண்டில் அதிமுக எடுத்தது. மோடியா ராகுலா என்ற கேள்விக்கு விழுந்த ஓட்டு ஒன்று. சேலம் மாவட்டத்துக்காரர் முதலமைச்சராக நீடிக்கட்டுமா என்ற கேள்விக்கு விழுந்த ஓட்டு வேறு. 2016இல் தனியே நின்ற பாமகவும் 2021இல் அதிமுகவோடு வந்துவிட்டது. சேலம் மாவட்டத்தின் பதினோரு தொகுதிகளில் பத்து அந்தக் கூட்டணிக்குப் போனது. எடப்பாடி பழனிசாமி தன் தொகுதியில் 93,802 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2016இல் அங்கே அவருடைய வித்தியாசம் 42,022. பதவியில் இருந்தவரின் பெருவெற்றி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். அதே நாளில் அவர் மாநிலத்தை இழந்தார். சொந்த மண்ணில் ஆள்பவரைச் சுற்றிக் குவியும் பெருமிதம் பிற மாவட்டங்களுக்கு நடந்து போவதில்லை.

ஊராட்சித் தேர்தல்களில் இதே விதிகள் இன்னும் வெளிப்படையாக வேலை செய்கின்றன. அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டுச்சாவியும் ஆட்டோவும்தான். பதவியில் இருந்த பிரசிடெண்டு தண்ணீர்க் குழாய் போட்ட தெரு அவரை நினைவில் வைத்திருக்கும். போடாத தெரு இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்கும். நூறு நாள் வேலையில் யாருக்கு எத்தனை நாள் கிடைத்தது, தொகுப்பு வீட்டுப் பட்டியலில் யார் பெயர் முன்னால் வந்தது என்பதெல்லாம் ஊரில் ரகசியமல்ல. ஐந்தாண்டு முடியும்போது அவருக்கென்று உறுதியான ஒரு கூட்டமும், அவருக்கு எதிராக உறுதியான ஒரு கூட்டமும் உருவாகியிருக்கும். எதிர்க்கூட்டத்திலிருந்து மூன்று பேர் வேட்புமனு போட்டால் அவர் பெரிய வித்தியாசத்தில் வருவார். வாபஸ் வாங்கும் கடைசி நாளில் இரண்டு பேர் ஒதுங்கி ஒருவர் மட்டும் நின்றால் அவர் பாடு திண்டாட்டம். ஊர்க்கூட்டம் போட்டு எல்லோரையும் பேசி இறக்கிவிட்டால் போட்டியின்றித் தேர்வு. ஊரின் ஒற்றுமை என்று இதைப் புகழ்வோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் பேச முடியாத தெருக்கள் எவை என்று கேட்காமல் அந்தப் புகழ்ச்சியில் சேர நான் தயாராக இல்லை.

சேலம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016இலும் இப்படித்தான்: அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, முந்தையவர்களின் காலமும் முடிந்து, மூன்று ஆண்டுக்கு மேல் அலுவலர்களே நடத்தினார்கள். இடைவெளி விட்டு வரும் தேர்தலில் பழைய பிரசிடெண்டு கையில் காசோலைப் புத்தகம் இல்லாமல், நாள் குறிக்கும் அதிகாரம் இல்லாமல் நிற்பார். இட ஒதுக்கீட்டுச் சுழற்சி மாறிய ஊரில் நிற்கவும் முடியாது. நிற்க முடிகிற ஊர்களில் அவர் வாங்கும் ஓட்டு எவ்வளவு என்பதையும், எதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஜெயித்தவர் வித்தியாசத்தை மட்டும் எழுதி மாட்டும் வழக்கத்தை விட்டு, வாக்களிக்க வராதவர்களின் எண்ணிக்கையையும் வார்டு வாரியாக நம் இளைஞர்கள் எழுதிவைத்தால், அடுத்த முறை யார் எத்தனை வித்தியாசத்தில் வருவார் என்று பேச ஒரு அடிப்படை கிடைக்கும்.